தலையணையை ஏற்றியது யார்?

அன்று காலை நானும் என் கணவரும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் அற்பம்தான், ஆனால் எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். வீட்டில் என்றால் சமாளிக்கலாம். அவர் மயக்க மருந்து டாக்டர், நான் கத்தி பிடிப்பவள். ஒரே மேஜையில் ஒரே கழுத்தில் வேலை.

அந்தக் கழுத்து காய்கறிச் சந்தையில் ஏலம் கூவும் பெண்ணுடையது. முன்பு வேறோர் இடத்தில் தைராய்டில் பாதியை எடுத்தபோது வலப்பக்கக் குரல் நரம்பு போய்விட்டது. விட்டுவைத்த இடப்பக்கம் இப்போது வீங்கி மூச்சை அடைக்கிறது. இந்தப் பக்க நரம்பும் போனால் குரல் போய்விடும், மூச்சுவிடத் தொண்டையில் ஓட்டை போடவேண்டும்.

"பாதிக் குரல்லயே புள்ளைங்கள படிக்க வெச்சுட்டேன் டாக்டரம்மா. அதையும் வாங்கிடாதீங்க" என்றிருந்தாள்.

பழைய தழும்பு வழியே போனால் எல்லாம் பசை போட்டதுபோல் ஒட்டிக்கிடக்கும். அதனால் பக்கவாட்டில், முன்பு கத்தி படாத தசைகளுக்கு நடுவே நுழைந்தேன். நரம்பைத் தொட்டால் 'டிக்' என்று சொல்லும் கருவி இருந்தது. என் கணவர் அவள் மூச்சுக்குழாய்க்குள் வைத்த குழாய்தான் அதற்குக் காது. சத்தம் ஒழுங்காகக் கேட்டது. ஆழத்தில் சரியாகத் தெரியாததால், தோளுக்கடியில் இருந்த தலையணையை இன்னும் ஏற்றும்படி நர்ஸிடம் சொன்னேன். கணவர் மருந்து எடுக்கத் திரும்பியிருந்தார். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுபடி நரம்பைத் தொட்டேன். சத்தமில்லை. இன்னொரு முறை தொட்டேன். இல்லை.

 அறுத்துவிட்டேனா?

"தசையத் தளர்த்துற மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். அதைக் கொடுத்திருந்தாலும் சத்தம் வராது.

"இல்ல." எங்களுக்கு நடுவே கட்டியிருந்த திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "தலையணைய எப்ப ஏத்தின?"

முகமூடிக்குள் என் முகம் எரிந்தது. கழுத்து நிமிர்ந்ததில் குழாய் மேலே நகர்ந்து, சத்தம் கேட்கும் இடத்தை விட்டு விலகியிருந்தது. அவர் திட்டவில்லை. உள்ளே கேமராவை விட்டுப் பார்த்து, குழாயை மெல்லக் கீழே இறக்கினார். தொட்டேன்.

டிக்.

 அதன் பிறகுதான் மறுபடி கத்தியை எடுத்து, வீக்கத்தை வெட்டி எடுத்தேன்.

அவள் கண் விழித்தபோது ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தோம். "ஏதாவது பேசுங்க" என்றேன். உதடு அசைந்தது. என் உயிர் என்னிடம் இல்லை.

"இன்னுமா..." கரகரத்தாலும் அது குரல்தான். "இன்னுமா சண்டை தீரல? மயக்கம் குடுக்கும்போதே பாத்தேன், ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நின்னீங்க."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. "உங்ககிட்ட சொல்லாம ஏத்திட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றேன் அவரிடம்.

"எத ஏத்திட்டீங்க?" என்றாள் அவள் உடனே.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.