காதுக்குள் போகும் வழி

இந்தத் தடவை பரீட்சை இல்லை, பாடத்தை ஐந்து நிமிட வீடியோவாக எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார் உடலியல் பேராசிரியை. "பாடமே தெரியாத ஒருத்தர் எதிர்ல உக்காந்து கேக்கணும். அவங்க கேக்கற கேள்வியும் வீடியோவுல வரணும்."

சின்னுவுக்கு வாய்த்தது காது. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். அண்ணனோ உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை விடுகிற ஆள். மிச்சம் அண்ணிதான். கல்யாணமாகி வந்து சில மாதம் ஆகிறது. இருவருக்கும் சண்டை கிடையாது; "சாப்பிட்டியா", "ஆச்சு" என்பதைத் தாண்டிப் பேச்சும் கிடையாது. தயங்கித் தயங்கித்தான் கேட்டாள் சின்னு.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே சின்னு."

"அதுக்குத்தான் நீங்க வேணும் அண்ணி. தெரிஞ்சவங்க வந்தா மார்க் போயிடும்."

அண்ணி சிரித்துவிட்டாள்.

போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தார்கள். டம்ளர் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே உப்பைத் தூவி, பக்கத்தில் வாயை வைத்து ஓவென்று கத்தினாள் சின்னு. உப்பு குதித்தது. பிறகு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள்.

"புரியல," என்றாள் அண்ணி. இன்னொரு முறை ஒப்பித்தாள். அப்போதும் புரியவில்லை. சின்னு புத்தகத்தை மூடினாள்.

"சத்தம் வந்து செவிப்பறைங்கற கதவைத் தட்டுது அண்ணி. மூணு குட்டி எலும்பு அந்தத் தட்டலைக் கை மாத்திக் கை மாத்தி உள்ள தருது. உள்ள தண்ணி. அது அசைஞ்சா மூளைக்குச் சேதி போகுது." சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே விளங்கியது.

அண்ணி மெல்லக் கேட்டாள்: "வயித்துக்குள்ள இருக்கற குழந்தைக்கும் கேக்குமா?"

சின்னு நிமிர்ந்தாள். அண்ணியின் கை வயிற்றின் மேல் இருந்தது.

"அண்ணி!"

"காலையிலதான் தெரிஞ்சது. உங்கண்ணனுக்கே இன்னும் சொல்லல."

சின்னு கையை நீட்டி வீடியோப் பதிவை நிறுத்தினாள். பதில் தெரியவில்லை. இருவரும் தலை முட்டத் தேடிப் படித்தார்கள்.

"இப்போ கேக்காது. ஆறாம் மாசம் வாக்குலதானாம்."

"அப்பாடா, அதுவரைக்கும் உங்கண்ணன் குறட்டையிலேருந்து தப்பிச்சுது!"

மறு வாரம் வகுப்பில் வீடியோ ஓடியது. "பிரமாதம்மா. கேள்வியை மட்டும் காணோமே?" என்றார் பேராசிரியை.

"கேட்டாங்க மேடம். வீட்டு விஷயம், வெட்டிட்டேன்."

மார்க்கையும் கொஞ்சம் வெட்டினார் அவர். சாயங்காலம் அதைக் கேட்டு அண்ணியின் முகம் சுருங்கியது. "வேற எதையாவது கேட்டுத் தொலைச்சிருக்கலாம் நான்."

"போங்க அண்ணி. முதல்ல என்கிட்டதானே சொன்னீங்க," என்று அவள் தோளில் சாய்ந்துகொண்டாள் சின்னு.

அண்ணி அவள் தலையை வருடினாள். "சரி, அடுத்தது என்ன? கண்ணா, மூக்கா?"