அளவெடுக்க வந்தவர்கள்

"உங்க மகளுக்கு என்ன உசரம் மதினி?"

"உசரத்த வச்சு என்ன செய்யப் போறீக? தென்ன மரத்துல தேங்கா பறிக்கவா?"

"அட, வெளையாடாதீக. மில்லுல குட்டப் பிள்ளைகள எடுக்க மாட்டாக, மெசினு எட்டாது. செத்த நேரம் இப்படிச் செவத்தோட நில்லுத்தா. கண்ணு நல்லாத் தெரியுதா? காய்ச்ச கீய்ச்ச அடிக்கடி வருமா?"

"அவளுக்கு என்ன கேடு? குத்துக்கல்லு மாதிரி இருக்கா."

"அப்புறம் என்ன? மூணு வருசம் கண்ண மூடித் தொறந்தாப் போயிரும். வாரப்ப கல்யாணச் செலவ அவளே கையில கொண்டாந்துருவா. நீங்க வெத்தல பாக்கு மட்டும் வாங்கி வச்சுக்கங்க."

சிவனம்மாள் அன்று பேசியது ஒரு வார்த்தை பிசகாமல் பேச்சாயிக்கு நினைவிருந்தது. தூரத்துச் சொந்தம்தான். சுருக்குப் பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தபோது பேச்சாயி சிரித்தாள். காப்பித் தண்ணிகூடப் போட்டுக் கொடுத்தாள். பெரிய மகள் அறிவுச்செல்வி, தான் நல்ல உயரம் என்ற பெருமையோடு குதிகாலை ஒட்டி வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அடுத்த வாரமே ஒரு வெள்ளை வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

அதன்பிறகு இஞ்சு டேப்பைக் கண்டாலே பேச்சாயிக்கு ஆகாது. ஜாக்கெட் தைக்கக்கூட அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினாளே தவிர, தையல்கடைப் படியேறவில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அமலராணி டீச்சர் தோள்பையைத் திறந்து இஞ்சு டேப்பை எடுத்ததும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெஞ்சனத்தை மறந்துவிட்டு எழுந்து நின்றாள்.

டீச்சர் வந்தது சின்னவள் ஆனந்திக்காக. ஆனந்திக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. திண்டுக்கல்லில் காது கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் வேடசந்தூர் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாள். திங்கள்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுவாள்.

"படிப்பு முடிஞ்சதும் இந்தப் பிள்ளைகள் வீட்டோட முடங்கிடுதுங்கம்மா," என்றார் டீச்சர். "அதனால பத்தாவதுலயே வேலைக்குப் பழக்குறோம். சனிக்கிழமையானா பகல் முழுக்க ஒவ்வொருத்தரை ஒவ்வொரு இடத்துல விட்டுப் பார்க்கிறோம். ஒருத்தன் பேக்கரிக்குப் போறான், ஒருத்தன் பூட்டுப் பட்டறைக்கு. ஆனந்தி கை சுத்தம். அவளை மணிக்கூண்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு அச்சாபீசுல விட்டிருக்கேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடம்."

கல்யாணம் என்ற சொல் பேச்சாயியின் காதில் முள்ளாகக் குத்தியது.

"கண்ணு நல்லாத் தெரியுதில்ல? தினமும் பஸ்ல தனியாப் போய் வந்துடுவாளா? காய்ச்சல், தலைசுத்தல் ஏதாவது உண்டா?"

அதே கேள்விகள். சொல்லி வைத்த மாதிரி அதே கேள்விகள். டீச்சரின் கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கியது. முகத்தில் களங்கம் இல்லை. சிவனம்மாள் முகத்தில் மட்டும் என்ன எழுதி ஒட்டியா இருந்தது?

டீச்சர் ஆனந்தியைச் சுவரோரம் நிற்கவைத்து, தரையிலிருந்து கண் வரைக்கும் அளந்தார். பிறகு முக்காலியில் உட்காரவைத்து மறுபடி அளந்தார். உள்ளங்கையில் பேனாவால் ஏதோ குறித்துக்கொண்டார். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "வாரேம்மா" என்று கிளம்பினார். தெருமுனையில் வேன் நின்றது. வெள்ளை வேன்.

பிஸ்கட் பொட்டலத்தை ஆனந்தி பிரிப்பதற்குள் பேச்சாயி பிடுங்கிப் பரணில் வைத்தாள்.

பக்கத்து வீட்டுச் செபாஸ்தியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவள் கடலைக்காயை உடைத்து வாயில் போட்டபடி கேட்டுக்கொண்டாள்.

"டீச்சரு எங்க ஆளுதான். கோயில்ல பூசைக்கு வாரப்ப பாத்திருக்கேன். அதுக்காக, முட்டி போட்டவுக எல்லாம் மோட்சத்துக்கா போறாக?"

"உக்கார வச்சு எதுக்கு அளக்கணும்? சிவனம்மாகூட அப்படி அளக்கலையே."

"உனக்கு ஒண்ணு சொல்லட்டா? காது கேக்காத பிள்ளைன்னா மில்லுக்காரனுக்குக் கொண்டாட்டம்டி. மெசினு எரைச்சல் கேக்காது. திட்டினா திருப்பிப் பேசாது. கேட்டுல நின்னு ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லத் தெரியாது."

செபாஸ்தியம்மாள் பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். பேச்சாயிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கணவன் பொம்மையன் போர்வெல் லாரியில் வேலை. வடக்கே எங்கெங்கோ குழாய் இறக்கிக்கொண்டு திரிவான். நினைத்த ஞாயிற்றுக்கிழமை முக்குக்கடை போனுக்குக் கூப்பிடுவான். அன்று ராத்திரியும் கூப்பிட்டான். டீச்சர் வந்ததைச் சொன்னபோது, "படிச்ச டீச்சரு சொன்னா சரியாத்தான் இருக்கும் புள்ள" என்றான்.

"சிவனம்மா வந்தப்பவும் இதத்தான சொன்னீக? சொந்தக்காரி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு?"

"சாப்டியா?" என்றான் மெதுவாக. அவனும் அதை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குமேல் அவனை வருத்த மனசில்லை. மூத்தவளைக் கூட்டியாந்துரலாம் என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் போனை வைத்தாள்.

அந்தச் சொல்லைப் போன மாதம் மில்லில்தான் முதலில் விழுங்கினாள். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் பெற்றவர்களைக் கேட்டுக்குள் விடுவார்கள். அறிவுச்செல்வியை அழைத்துவந்த விடுதிக்காரம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மகளின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மணிக்கட்டு ஒடிந்துவிடும்போல் மெலிந்திருந்தது. "நல்லா இருக்கேம்மா" என்று அவள் சொன்னது அம்மாவைப் பார்த்து அல்ல, அந்த நாற்காலியைப் பார்த்து. கிளம்பும்போது பேச்சாயியின் முந்தானை நுனி அவள் விரலில் சுற்றியிருந்தது. விடுதிக்காரம்மா ஒருமுறை இருமியபிறகுதான் அதை விட்டாள்.

மூன்று வருசம் முடியுமுன் பாதியில் கூட்டிப்போனால் ஒரு பைசாவும் கிடையாது என்பது முதல் நாளே சொன்ன பேச்சு. அதுகூடப் பெரிதில்லை. அந்தக் கேட்டில் நின்று, அந்த ஆட்களிடம், எம்மகள அனுப்புங்க என்று தனியாகக் கேட்க அவளுக்கு நா எழவில்லை.

வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆனந்தி மூக்கின் ஓரத்தைத் தொட்டு, கையை விரிப்பாள். மூக்குத்தி என்றால் அறிவுச்செல்வி. அக்கா எங்கே? 'வருவா' என்று பேச்சாயி கையை ஆட்டுவாள். இப்போதெல்லாம் ஆனந்தி அந்தக் கையைப் பார்ப்பதே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள்.

ஒருத்தியை விட்டாயிற்று. இன்னொருத்தியையும் விட முடியாது.

அடுத்த சனிக்கிழமை பேச்சாயி யாரிடமும் சொல்லாமல் திண்டுக்கல் பஸ் ஏறினாள். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளைகளா? வேன் அப்பவே போயிருச்சேம்மா."

"எங்க போயிருக்கு?"

"எந்தப் பிள்ளை எங்கன்னு டீச்சருக்குத்தான் தெரியும். நான் இந்தக் கேட்டை மட்டும்தான் பாக்குறேன்."

கேட் என்றதும் அவள் அங்கே நிற்கவில்லை. மணிக்கூண்டுவரை ஓட்டமும் நடையுமாக வந்தாள். டீக்கடையில் விசாரித்து, சந்துக்குள் திரும்பினாள். அந்த வெள்ளை வேன் சந்து முனையில் நின்றது. அச்சாபீசின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. பட்டப்பகலில் உள்ளே டியூப் லைட் வெளிச்சம். கடகடவென்று மெசின் சத்தம்.

தொழில் நடக்கிற இடத்தில் ஷட்டரை எதற்கு இறக்க வேண்டும்? பேச்சாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து நுழைந்தாள்.

உள்ளே கடைசி மேசையில், வாசலுக்கு முதுகைக் காட்டி ஆனந்தி உட்கார்ந்திருந்தாள். பத்திரிகைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் காலை உதைக்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் ஒரு சிறு கல்லைப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப்போட, மிரண்ட கண்ணோடு திரும்புவாள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். இன்று தரையை உதைக்கவெல்லாம் நேரமில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டியதுதான். பேச்சாயி அடிமேல் அடி வைத்துப் போய் கையை நீட்டினாள்.

கை தோளில் படுவதற்கு முன்பே ஆனந்தி திரும்பினாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

தூக்கிவாரிப்போட்டது பேச்சாயிக்குத்தான்.

ஆனந்தி மேசைக்கு எதிரே சுவரைக் காட்டினாள். சலூன்கடையில் இருப்பதுபோல் ஒரு நீளக் கண்ணாடி. அதில் ஷட்டர் தெரிந்தது, மெசின் தெரிந்தது, இடுப்பில் முந்தானை செருகி, கோழி பிடிக்க வந்தவள் மாதிரி பேச்சாயியும் தெரிந்தாள்.

"வாங்கம்மா! சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனே," என்றபடி அமலராணி டீச்சர் உள்பக்கத்திலிருந்து வந்தார்.

"எதுக்கு எம்பிள்ளைய அளந்தீக?" பேச்சாயியின் குரல் மெசினையும் தாண்டியது. "வீடு தேடி வந்து, நிக்க வச்சு ஒரு தடவ, உக்கார வச்சு ஒரு தடவ, எதுக்கு அளந்தீக? சொல்லுங்க!"

மெசின் நின்றது. அச்சாபீஸ்காரர் சேவியர் மை படிந்த கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார்.

டீச்சர் சுவரைக் காட்டினார். "இந்தக் கண்ணாடிக்குத்தாம்மா. பேப்பர்க் கட்டைத் தூக்கிட்டுப் பின்னால வர்றவங்க குரல் கொடுத்தா ஆனந்திக்குக் கேக்காது. முதல் வாரம் ஒருத்தர் மோதிட்டார், பயந்து அழுதுட்டா. நின்னு வேலை செய்யறப்பவும் உக்காந்து மடிக்கிறப்பவும் பின்னால நடக்கிறது அவ கண்ணுக்குத் தெரியணும். அதான் ரெண்டு அளவு. பெரியவங்களுக்குச் சொல்லிட்டு அளந்திருக்கணும். தப்புதான்."

"டீச்சரம்மா சொன்ன உசரத்துக்கு ஆணி அடிச்சு அடிச்சு எஞ்செவுரு போச்சு," என்றார் சேவியர். "இப்பப் பத்திரிகை அடிக்க வாரவன்லாம் தல சீவிட்டுத்தான் வெல பேசுறான்."

பேச்சாயி சிரிக்கவில்லை. "ஷட்டர எதுக்கு எறக்கி வச்சிருக்கீக?"

"மை காயிற வரைக்கும் ரோட்டுத் தூசி விழக்கூடாதும்மா. சந்தேகமா இருந்தா பின்வாசலையும் பாருங்க."

மரியாதைக்குச் சொன்னது என்று தெரிந்தும் பேச்சாயி போய்ப் பார்த்தாள். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. திறந்தும் பார்த்தாள். வெளியே கழுவிய அச்சுத் தட்டுகள் வெயிலில் கிடந்தன. திரும்பி வந்தாள்.

"ராத்திரி இங்க தங்கணுமா?"

"ஏன் தங்கணும்? நாலு மணிக்கு நானே வேன்ல கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி விடுறேன்," என்றார் டீச்சர்.

"படிப்பு முடிஞ்சப்புறம்?"

"அவளுக்குப் பிடிச்சா வேலைக்கு வரட்டும். பிடிக்கலைன்னா வேற பார்ப்போம்."

"பாதியில நின்னுட்டா?"

"நின்னா நின்னதுதான். அதுல என்னம்மா பாதி?"

டீச்சருக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை என்பதைப் பேச்சாயி கவனித்தாள். புரிந்தும் புரியாததுபோல் நடிக்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடைசிக் கேள்வியைச் சேவியரிடம் கேட்டாள்.

"நாங்க பிள்ளையப் பாக்க வரணும்னா எந்த ஞாயித்துக்கெழம விடுவீக?"

சேவியர் வாய்விட்டுச் சிரித்தார். "ஞாயித்துக்கெழம கட லீவும்மா! மத்த நாளு எப்ப வேணாலும் வாங்க. யாரக் கேக்கணும்? இப்ப வந்த மாதிரியே குனிஞ்சு வாங்க. தலைய மட்டும் பாத்துக்கங்க."

பேச்சாயி அங்கிருந்த காகிதக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேடிக்கையாகச் சொன்னதற்கு இந்த அம்மா ஏன் கண் கலங்குகிறாள் என்று சேவியருக்கு விளங்கவில்லை. தண்ணீர் கொண்டுவரப் போனார்.

ஆனந்தி முக்காலியை விட்டு எழுந்து அம்மாவின் முன்னால் குந்தினாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து விட்டாள். அதன் நுனியால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். பிறகு மூக்கின் ஓரத்தைத் தொட்டு, கையை விரித்தாள்.

டீச்சர் அதைப் பார்த்தார். "யாரைக் கேக்குறா? மூக்குத்தி போட்டவங்க யாரும்மா?"

பேச்சாயியின் கை வழக்கம்போல் 'வருவா' என்று ஆட்ட எழுந்தது. பாதியில் நின்றது. ஆனந்தி இன்று முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சாயி கையை இறக்கி டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எம் மூத்த மக டீச்சர். மில்லுல இருக்கா. காசும் வேணாம், கல்யாணச் செலவும் வேணாம், எனக்கு எம்பிள்ளையக் கூட்டியாரணும். அந்தக் கேட்டுல நின்னு தனியாக் கேக்க எனக்கு வாய் வரல. எங்கூட வாரீகளா?"