காதில் சொன்ன பெயர்

படுக்கையறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பூண்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றுக் கிண்ணத்தோடு மாமியார் வேண்டா வெளியே நின்றாள். உள்ளே மருமகள் ரேணுகா அழுதுகொண்டிருந்தாள். வெறுமனே அழுதிருந்தால் வேண்டா பொறுத்துக்கொண்டிருப்பாள். நடுவில் ஒருமுறை சிரித்துவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து மாமியாரிடம் அவள் ஒருநாள்கூட அப்படிச் சிரித்ததில்லை.

"இன்னாத்துக்கு அங்க நின்னுகினு கீற?" கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவர் சுப்பிரமணி கேட்டார்.

"உம் மருமவ போன்ல யார்கிட்டயோ கொஞ்சிகினு கீறா. சோறு ஆறுது."

"அழுவறா மாதிரி இல்ல கீது?"

"ரெண்டுந்தான்."

அந்த 'யாரோ' ரூத் என்கிற மனநல ஆலோசகர். பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்களுக்காக ரேணுகாவின் கம்பெனி செய்திருந்த ஏற்பாடு. புதன்கிழமை காலையில் வீடியோவில் வருவார். தூக்கம் வராதது, காரணமில்லாமல் அழுகை வருவது, வீட்டுக்குள் நடக்கும் இழுபறி, எதை வேண்டுமானாலும் அவரிடம் கொட்டலாம். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ரேணுகாவுக்கு மூன்றுமே இருந்தன.

ரேணுகாவுக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவ காலத்துக் கவனிப்பெல்லாம் கூடுவாஞ்சேரியில், புகுந்த வீட்டில்தான். வெந்நீர் ஊற்றிவிட்டது வேண்டா. பத்தியம் சமைத்தது வேண்டா. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டியதும் வேண்டாதான். இவ்வளவும் செய்ய ஒருத்தி, மனசைத் திறக்க இன்னொருத்தியா?

கவுன்சலிங்காம்! வேண்டாவும் பெற்றவள்தான். மகன் பார்த்திபன் பிறந்த சமயத்தில் அவளுக்கும் இப்படித்தான் சும்மா சும்மா அழுகை வந்தது. அவள் மாமியார் பூசாரியைக் கூட்டி வந்து வேப்பிலையால் அடிக்கச் சொன்னாள். அடி பொறுக்காமல் வேண்டா அழுகையை நிறுத்தினாள். குணமாகிவிட்டது என்று ஊரே சொன்னது. இவளுக்கு மட்டும் ஃபேன் காற்றில் உட்கார்ந்து அழ, எதிரே தலையாட்டிக் கேட்க ஓர் ஆள்! வயிறு எரியாதா?

அந்த வயிற்றெரிச்சல் குழந்தையின் பெயரிலும் வந்து நின்றது. மூத்தவள் சஹானா. இரண்டாவதும் பெண். இறந்துபோன தன் அம்மாவின் பெயரை, தமிழ்ச்செல்வி என்று, வைக்க ரேணுகா ஆசைப்பட்டாள். வேண்டா உடனே குறுக்கே பாய்ந்தாள்.

"போதும்பொண்ணுன்னு வெய்யி. அப்பத்தான் அடுத்தது பையனா வரும். எங்க ஊர்ல அப்டித்தான்."

வேடந்தாங்கல் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரில் அப்படித்தான். வரிசையாகப் பெண்ணே பிறந்தால் கடைசியாக வந்ததற்கு வேண்டா, போதும்பொண்ணு என்று ஏதாவது பெயர் வைத்துவிடுவார்கள். சாமிக்குச் சொல்லி அனுப்புகிற சேதி அது. சேதியைச் சுமக்க வேண்டியது குழந்தை, அதுவும் ஆயுசு முழுக்க. மூன்றாவது பெண்ணாகப் பிறந்து அந்தப் பெயரை வாங்கிய வேண்டாவுக்குப் பின்னால் நிஜமாகவே தம்பி பிறந்தான். அவனுக்குக் காது குத்தியபோது ஊருக்கே கறிச்சோறு. அவனை இடுப்பில் சுமந்து சுமந்து வேண்டாவின் படிப்பு நின்றது. "பாத்தியா, பேரு பலிச்சிடுச்சி" என்று அவளைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள்.

இவ்வளவு பட்டவள் பேத்திக்கும் அதே சூட்டைப் போடலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் செத்துப்போன சம்பந்தியின் பெயர் ஜம்மென்று தொட்டிலில் ஆடப்போகிறது. உயிரோடு இருக்கிற தன் பெயரை எந்தப் பேத்திக்கும் எவரும் ஆசையாக வைக்கப்போவதில்லை. வேண்டாவால் இதைச் சகிக்க முடியவில்லை.

சுப்பிரமணி அவள் சொன்னதை உத்தரவாகவே ஆக்கிவிட்டார். "ஞாயித்துக்கெழம தொட்டில் போட்டுடலாம். நீயே காதுல சொல்லிடு." அப்பாவைப் பெற்றவள்தான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அப்படிச் சொன்ன பெயரைப் பிறகு யாரும் மாற்றுவதில்லை.

பார்த்திபன் மனைவியைச் சமாதானப்படுத்தினான். "வூட்ல வேற பேர்ல கூப்டுக்கலாம் ரேணு. பேர்ல இன்னா கீது?" சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினான். அன்றிலிருந்து ரேணுகா வீட்டில் பேச்சைக் குறைத்தாள்.

இன்றைக்குத் தன்னைப் பற்றித்தான் உள்ளே வத்தி வைக்கிறாள் என்று வேண்டாவுக்கு நிச்சயமாகத் தோன்றியது. கதவில் காதை வைத்தாள். ரேணுகா ஹெட்போன் மாட்டியிருந்ததால் அவள் பேச்சு மட்டும் கேட்டது.

"அத்தை மேல எனக்குக் கோவமே இல்ல மேடம். மாமா 'வேண்டா'ன்னு ஒரு சத்தம் போட்டா, சாப்புட்ட கையோட எழுந்து ஓடுவாங்க. ஒவ்வொரு வாட்டியும் எனக்கு நெஞ்சுல குத்தும். ஆபீஸ்ல உன் மாமியார் பேரு என்னன்னு கேட்டாங்க. சொல்ல வாய் வரல. அவங்களுக்கு அவமானமா இருக்குமேன்னு மழுப்பிட்டேன். நாளைக்கு என் பொண்ணும் அப்படித்தானே திரும்பிப் பாக்கணும்?"

அந்தப் பக்கம் ரூத் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு, "அவங்ககிட்டயேவா? எப்படிச் சொல்றது மேடம்? கஷ்டப்படுவாங்க."

வேண்டா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். மனசு குளிர்ந்ததா? இல்லை. முன்னைவிட மோசமாக எரிந்தது. தனக்காக ஒருத்தி நெஞ்சு நொந்திருக்கிறாள், அதையும் கொண்டுபோய் அந்த ரூத்திடமே கொடுத்துவிட்டாள்! இத்தனை வருஷம் யாருமே கேட்காத தன் துக்கத்தை முதலில் கேட்டவள், முகம் தெரியாத யாரோ ஒருத்தி.

கதவு திறந்து ரேணுகா வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அந்தப் பொம்பளகிட்ட இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை. சரியாத் தூக்கம் வரலன்னு."

வேண்டா சோற்றை மறுபடி சூடாக்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து கூடத்தை நிறைத்தார்கள். கம்பியில் புடவைத் தொட்டில் தொங்கியது. வேண்டா மடியில் குழந்தையோடு நடுவில் உட்கார்ந்தாள். ரேணுகா சுவரோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"சத்தமாச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்" என்றார் சுப்பிரமணி.

வேண்டா குழந்தையைப் பார்த்தாள். இதன் பெயருக்காக அழ ஒரு தாய் இருக்கிறாள். தனக்குப் பெயர் வைத்த அன்று தன் அம்மா அழுதாளா? வேண்டாவுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. மடியில் கிடந்த அந்தத் துளிக் குழந்தையின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையோடேயே காதருகில் குனிந்தாள்.

"தமிழ்ச்செல்வி. தமிழ்ச்செல்வி. தமிழ்ச்செல்வி."

ரேணுகா வெடுக்கென்று நிமிர்ந்தாள். சுப்பிரமணி பதறி முன்னால் வந்தார்.

"ஏய், இன்னாடி சொல்ற? மாத்திச் சொல்லு!"

வேண்டா எழுந்து குழந்தையைத் தொட்டிலில் இட்டாள். பக்கத்தில் வந்து நின்ற மருமகளிடம், "இனிமே எதுனாலும் மொதல்ல என்னாண்ட சொல்லு. அப்பறம் அவகிட்ட சொல்லு" என்றாள் கடுகடுப்பாக. ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டா!"

சாப்பாட்டிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் அவளை எழுப்பி ஓட வைத்த சத்தம். வேண்டா தொட்டிலை ஆட்டினாள்.

"ஏய் வேண்டா! உன்னத்தான் கூப்டுகினு கீறேன்!"

சஹானா ஓடிவந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "ஆயா, தாத்தா கூப்புடறாரு."

வேண்டா திரும்பவில்லை.

"யாரையோ கூப்புடறாரு கண்ணு" என்றாள்.