ராக்கப்பன் பெயருக்கு நேரே ஒரு டிக்

கம்ப்யூட்டரில் தன் பெயருக்கு நேரே இருந்த டிக்கை நான் எடுத்த நாளிலிருந்து ஷெரின் என்னோடு பேசுவதில்லை. வருகைப் பதிவு பார்க்கிற பெண்ணுக்கு விலையைத் திருத்துகிற உரிமை எதற்கு? அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதே நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஆனாலும் பந்தியில் உட்கார்ந்தவளை எழுப்பிவிட்டதுபோல் முகம் வாடிவிட்டது. எங்கள் வாழைக்காய் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த தேனி கார்த்திக்ராஜ், ஆளாளுக்கு போன் போட்டு உயிரை வாங்கக் கூடாதென்று, பில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தான். இப்போது எங்களிடம் வாழைத்தார் வாங்கப்போகிற கொச்சிக்காரர்கள், யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்று ஒழுங்கு செய்தால்தான் கையெழுத்து என்றுவிட்டார்கள். காய் கொண்டுவருகிறவர்களுக்கு பில் போடுகிற என் தலையில் அந்த வேலை விழுந்தது. ஊர்ப் பொல்லாப்பும் சேர்ந்தே விழுந்தது.

பில் போடும் உரிமை ஆரம்பத்திலிருந்தே என் ஒருத்தியிடம்தான் என்று நினைத்திருந்தேன். ராக்கப்பன் அண்ணன் பெயருக்கு நேரேயும் அந்த டிக் இருந்தது. அவர் எடைமேடையில் இருப்பவர். எடை போடுகிற கையே பில்லும் போட்டால் இல்லாத தாருக்கும் பணம் போய்விடும். அதனால் அந்த இரண்டும் ஒருவரிடம் இருக்கவே கூடாது. ஆனால் இவரோ, ஆள் எடையும் காயோடு சேர்ந்துவிடுமென்று, டிரைவர் வண்டியை விட்டு இறங்காமல் எடை போடாதவர். மழை பெய்தாலும் இறங்கத்தான் வேண்டும். லாரிக்காரர்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது.

முதலாளி அப்துல் வாஹிதிடம் திரையைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள காரணஞ் சொல்லச் சொல்லு. இல்லேன்னா நாளையிலருந்து வரவேணாம்" என்றார்.

எடைமேடைக் கூண்டுக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்துரு ஆத்தா. வேற ஒண்ணும் கேக்காத."

வேலை போய்விடும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டியை உள்ளே விடச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. நல்லவர் என்று நினைத்திருந்த மனிதர் இப்படி வாயை மூடிக்கொண்டால் நான் என்னதான் செய்வது? கார்த்திக்ராஜுக்கு போன் போட்டு, இவருக்கு இதை எப்போது, எதற்குக் கொடுத்தாய் என்று பிடித்துக்கொண்டேன். அவனுக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அவுகதான்க்கா போன்ல கெஞ்சுனாக. பில்லு போடுற பொண்ணு ஆஸ்பத்திரியே கதின்னு கெடக்கு, எடத்துக்குப் புது ஆள் வந்துட்டா அது பொழப்பு போயிரும், அது வர்ற வரைக்கும் எனக்குத் தொறந்து விடுன்னாக. பெறகு எடுக்க மறந்துட்டேன்."

அந்தப் பெண் நான்தான். என் வீட்டுக்காரர் ரபீக் ஓட்டிய ஜீப் குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து, மதுரை ஆஸ்பத்திரியில் நாங்கள் மாதக்கணக்காகக் கிடந்தோம். சம்பளம் மட்டும் தவறாமல் வந்தது. முதலாளியின் பெரிய மனசு என்று நம்பி, தொழுகைக்குப் பின்னால் கையேந்திக் கேட்கும் துஆவில் அவர் பெயரைச் சொல்லாத நாளில்லை. திரும்பி வந்ததும் அல்வா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "வேல நடந்துச்சுல்ல, அப்பறம் என்ன" என்று வாங்கிக்கொண்டார். அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே நான் லேப்டாப்பில் பில் போட்டுக்கொண்டிருந்ததாக அவர் நினைத்திருக்கிறார். பகலெல்லாம் எடை போட்டுவிட்டு, வண்டிகள் போனபின் கூண்டில் உட்கார்ந்து என் வேலையைச் செய்தவர் ராக்கப்பன் அண்ணன். இப்போது அவர் வாயைத் திறந்தால் நான் வேலை செய்யாமல் சம்பளம் வாங்கியது வெளியே வரும். அதனால்தான் திறக்கவில்லை.

பயமாகத்தான் இருந்தது. ரபீக்குக்கு இன்னும் மலையேறும் வண்டி ஓட்ட முடியாது. வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இருந்தாலும் முதலாளி அறைக்குப் போனேன்.

"அங்கன இருந்து நான் ஒரு பில்லும் போடல மொதலாளி. அம்புட்டும் ராக்கப்பண்ணே போட்டது. எனக்கு வந்த சம்பளம் அவுகளுக்குச் சேர வேண்டியது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப, நீ கொண்டாந்த அல்வாவ நான் சும்மா தின்னுருக்கேன்" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. டிக்கை எடுத்துவிட்டு ராக்கப்பனை அவன் வேலையைப் பார்க்கச் சொல், சம்பளத்தைப் பற்றி இனிப் பேசாதே என்று அனுப்பிவிட்டார்.

கூண்டுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. எதற்கு வாயை விட்டாய் என்பதுபோல் பார்த்தார்.

"இத்தன நாளா துஆவுல ஆள மாத்திச் சொல்லிட்டேண்ணே."

"அதுக்கென்ன, அவுகளுக்கும் சேரட்டும்."

மயிலாடும்பாறையில் கட்டிக்கொடுத்த அவர் மகளுக்கு இந்த மாதம் பிரசவம். அவர் ஒருநாள்கூட லீவு கேட்கவில்லை. கேட்டால் எடை போட வேறு ஆளில்லை. அவர் இடத்தில் நான் உட்கார்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பில் போடுகிறவள் எடை போடக் கூடாது. அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குத் திருப்பிச் செய்யவே முடியாது. அந்தக் கதவைச் சாத்துவதற்குத்தான் என்னைப் போட்டிருக்கிறார்கள். இடத்துக்குத் திரும்பி அவர் பெயருக்கு நேரே இருந்த டிக்கை எடுத்தேன். நீக்கும் காரணம் என்ன என்று திரை கேட்டது. 'ஆள் திரும்பி வந்தாயிற்று' என்று அடித்தேன்.

பிறகு ஷெரினிடம் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எடைமேடைக்கு இன்னொரு ஆள் வேண்டும், கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டேன். திரும்பினாள்.

மறு வாரம் காலை, மகள் ஊருக்குப் போகத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராக்கப்பன் அண்ணன் கேட்டருகே நின்றிருந்தார். ஆண்டிபட்டி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன், நகரவில்லை. மேடையில் வாழைத்தார் லாரி ஒன்று ஏறி நின்றது. ஷெரின் கூண்டிலிருந்து தலையை நீட்டி, டிரைவரைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினாள். அவன் முனகிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினான்.