இடம்பெயராத குணலட்சுமி

டொக்டர் ஜெபரட்ணத்தின் பெயர் வெளிநாட்டு மருத்துவ சஞ்சிகையில் அச்சாகிவிட்டது. செய்தி தேத்தண்ணிக் கடை வரைக்கும் போயிற்று. போகும்படி பார்த்துக்கொண்டவர் அவரேதான். மூட்டு நோவுக்கான புதுக் குளிசையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அது வயிற்றைப் புண்ணாக்காது என்று சொன்ன கட்டுரை. எழுதியது என்னவோ கொழும்பில் இருந்த மருந்துக் கொம்பனிக்காரர். டொக்டர் கையெழுத்து மட்டும் வைத்தார்.

ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே யாழ்ப்பாணத்தில் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை தொடங்கியது. மயிலிட்டி நோயாளிகள் உடுத்த துணியோடு ஓடினார்கள். அவர்களை இடம்பெயர்ந்தோர் என்று எழுதி ஆராய்ச்சியிலிருந்து நீக்கியது நியாயம். ஆனால் இணுவில் குணலட்சுமி எங்கேயும் ஓடவில்லை. குளிசை போட்டு, இரத்தமாய்ச் சத்தியெடுத்து, சாகக் கிடந்து பிழைத்தாள். கொம்பனிப் பிரதிநிதி லயனல் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே வழி சொன்னான்.

“அவவையும் இடம்பெயர்ந்த ஆக்களோடை போட்டுவிடுங்கோ, சேர். இந்தச் சண்டைக்குள்ளை ஆர் வந்து தேடப்போகினம்?”

டொக்டர் அப்படியே எழுத விட்டார். பெயர் அச்சில் வரும் ஆசை அந்தப் படித்த மனுஷனைப் பிடித்து ஆட்டியது. பிறகு வந்த நாட்களில் இணுவில் பக்கம் போகவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இன்றைக்குக் குணலட்சுமியே அவர் வீட்டுக்கு வந்து முன்னால் இருந்தாள். வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து முழங்கால் வீங்கியிருந்தது. கையிலிருந்த கடதாசிச் சரையை விரித்தாள். அதே குளிசை.

“ஆசுப்பத்திரிக்கு வந்திருக்கிற புது டொக்டர் தந்தவர். முந்தி உதாலைதான் ரத்தமாச் சத்தியெடுத்தனான் எண்டு சொன்னன். அப்பிடி வராதாம். நீங்கள் எழுதினதை வாசிச்சவராம். நான் பொய் சொல்லுறன் எண்டமாதிரிப் பாத்தார்.”

டொக்டர் சரையிலிருந்த குளிசையைப் பார்த்தார்.

“எனக்கு வந்தது வேறை ஏதும் வருத்தமோ, ஐயா? நீங்கள் சொன்னால் போடுறன்.”

அவர் சரையைப் பறித்துக்கொண்டார்.

“போடாதேங்கோ. உதாலைதான் வந்தது. நீங்கள் ஊரைவிட்டுப் போட்டியள் எண்டு எழுத விட்டிட்டன்.”

“நான் எங்கை ஐயா போனனான்? இணுவிலிலைதானே கிடந்தனான். நீங்களும் வீட்டை வந்து பாத்தனீங்கள்.”

“ஓம்.”

அவளுக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

“அப்ப ஆசுப்பத்திரியிலை எனக்குப் பின்னாலை வரிசையிலை நிண்ட ஆக்கள்? அவைக்கும் உதைத்தானே குடுத்தவர்?”

டொக்டர் எழும்பினார். செருப்பைக்கூடக் கொழுவாமல் வாசலுக்கு ஓடி, அவளை ஏற்றி வந்து வெளியே நின்ற புருஷனிடம் ஆசுப்பத்திரிக்குப் போகச் சைக்கிளைக் கேட்டார்.