யாரும் பார்க்காத ஏழாவது வாரம்

'மண்டி ராஜ்யம்' முடிந்த மறுநாளே எங்கள் லைன் வீடுகளில் சண்டை பிடித்துக்கொண்டது. பதிமூன்று வாரத் தொடர் அது. காய்கறி மண்டியைக் கைக்குள் வைத்திருக்கும் தராசு துரை என்கிற தாதாவும் அவன் ஆட்களும்தான் கதை. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அது வந்துவிட்டால், அடுகோடி லைனில் எங்கள் பதினெட்டு வீட்டிலும் அடுப்பில் குழம்பு தீய்ந்தால்கூட எழுந்துபோக ஆள் கிடையாது. இரண்டாம் பாகம் ஐந்து வாரம் கழித்துத்தான் என்று டிவியில் போட்டுவிட்டார்கள். நடுவில் கிடந்த நாலு ஞாயிறுதான் சண்டைக்குக் காரணம்.

கேபிள்காரர் சில்வெஸ்டர் பதிமூன்றையும் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். நாலாவது வாரத்தை மறுபடி போடு என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். அதைப் போட்டால் வயரைப் பிடுங்கிவிடுவேன், கடைசி வாரம்தான் வேண்டும் என்று அடுத்த வீட்டில் மிரட்டினார்கள். மனுஷன் நொந்துபோய் ஒரு வழி சொன்னார். வீட்டுக்கு ஒரு சீட்டு. பிடித்த நாலு வாரத்தை வரிசையாக எழுத வேண்டும். முதலில் எழுதியதற்கு நாலு மார்க்கு, அடுத்ததற்கு மூன்று, இப்படியே இறங்கும். அதிக மார்க்கு வாங்கிய நாலைப் போடுவார். முதலிடத்துக்கு மட்டும் தன் கடையின் பெரிய கலர் டிவியை லைன் முற்றத்துக்கே கொண்டுவருவார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. யாரும் ஒழுங்காகக் கணக்குப் போடவில்லை. பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் எத்தனை முறை அழுதாள் என்பதை வைத்து மார்க்கு போட்டாள். அதனால் துரையின் தம்பி சாகும் பதிமூன்றாவது வாரம்தான் அவளுக்கு உசத்தி. என் வீட்டுக்காரரோடு லேத்தில் வேலை செய்யும் கோவிந்தப்பா எத்தனை அரிவாள் என்று எண்ணினார். எனக்கு நியாயமாகப் பிடித்தது நாலாவது வாரம். துரை ஒரு வார்த்தை பேசாமல், எடைக்கல்லை மேசையில் வைத்தே ஏலத்தைத் தன் பக்கம் திருப்புவான். அதுவல்லவா ரவுடித்தனம். ஆனால் என் சீட்டில் நான் முதலில் எழுதியது ஏழாவது வாரம். அதை நான் பார்க்கவே இல்லை. லைனில் யாருமே பார்க்கவில்லை.

ஏனென்றால் ஏழாவது வாரம்தான் என் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன் நடித்த வாரம். எங்கள் பக்கம் ஷூட்டிங் நடந்தபோது அவர் மீசையைப் பார்த்துக் கூப்பிட்டார்களாம். துரைக்கு அடியாள் வேஷம், பேச ஒரு வசனமும் உண்டாம். அவர் அதைச் சொன்னதும் நான் லைன் முழுக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு எங்கள் வீட்டில் மட்டும் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். பத்து ஐம்பதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் படீரென்று வெடித்தது. கரண்ட் வந்தபோது மணி மூன்று. சில்வெஸ்டரின் கண்ட்ரோல் ரூம் அடுத்த தெருவில் இருந்ததால் அங்கே கேசட் பதிவாகிவிட்டது. ஆனால் அவரும் ரெக்கார்டு பட்டனை அமுக்கிவிட்டுச் சர்ச்சுப் பூசைக்குப் போய்விட்டார். தொடர் முடியும்வரை பழைய வாரத்தை மறுபடி போடுவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே பியாட்ரிஸ் என் வீட்டுக்காரருக்கு 'ரீல் முனி' என்று பேர் வைத்துவிட்டாள். நல்ல ரீல் விட்டாரு, கரண்டும் காப்பாத்திடுச்சி என்றாள். பேர் லேத்துப் பட்டறை வரைக்கும் போனது. இருபது வருஷமாக ஒரு பொய் சொல்லாத மனிதர், ஞாயிறு டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குள்ளேயும் ஒரு பொட்டு சந்தேகம் இருந்தது. ஷூட்டிங்கை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து ஆசையில் சொல்லிவிட்டாரோ என்று படுக்கும்போதெல்லாம் தோன்றும்.

அதனால் ஓட்டுக் கேட்கக் கிளம்பினேன். கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வந்து, தினம் நாலு வீடு. பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள், பார்க்காததைச் சொன்னேன், அவ்வளவுதான். ஓசூரில் என் அக்கா பார்த்து எனக்குக் கதை சொன்னதாக ஆரம்பிப்பேன். கோடி வீட்டு ரத்தினம்மாளிடம், அந்த வாரம் துரை அம்மா காலில் விழுந்து கதறுவான் என்றேன். கோவிந்தப்பாவுக்குக் கொட்டும் மழையில் ஏழு அரிவாள் கொடுத்தேன். பியாட்ரிஸுக்கு வெள்ளை கவுனோடு சர்ச்சில் ஒரு கல்யாணமே நடத்தி வைத்தேன். அவள் கண் அங்கேயே கலங்கியது.

என் வீட்டுக்காரர் மட்டும் முகம் கொடுக்கவில்லை.

"வுடு சரசு," என்றார். "அந்த வாரத்த போடவே வேணா."

நடிக்காத ஆள் வேறு எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பாதி வீடு முடித்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது.

சீட்டுகளைப் பிரித்தால் ஏழாவது வாரத்துக்கு ஐம்பத்தொன்று, பதிமூன்றாவதுக்கு நாற்பத்தேழு, நாலாவதுக்கு முப்பத்தைந்து. சில்வெஸ்டர் இரண்டு தடவை கூட்டினார். கரண்ட் இல்லாத அன்றைக்கு இத்தனை பேர் எப்படிப் பார்த்தார்கள் என்று என்னைப் பார்த்தே கேட்டார். நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். மார்க்கு என்றால் மார்க்குதான் என்று அவரும் விட்டுவிட்டார். இனி என் வீட்டுக்காரர் படத்தில் இல்லையென்றால் பதினெட்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அந்தக் கூத்தை முற்றத்தில் டிவி வைத்து ஏற்பாடு செய்தவள் நான்.

ஞாயிறு வந்தது. பாய் விரித்து, முறுக்குத் தட்டோடு லைனே உட்கார்ந்திருந்தது. கல்யாணம் எப்போது வரும் என்று பியாட்ரிஸ் ரத்தினம்மாளைக் கேட்டாள். எந்தக் கல்யாணம், அம்மா காலில் விழுவதுதானே என்றாள் அவள். மழையில் அரிவாள் சண்டை என்றார் கோவிந்தப்பா. மூன்று பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நல்லவேளை, டிவியில் தொடரின் ஆரம்பப் பாட்டு வந்துவிட்டது.

இருபது நிமிஷம் ஓடியது. அம்மா வரவில்லை, அரிவாள் வரவில்லை, சர்ச் வாசல்கூட வரவில்லை. மண்டி ஆபீசில் உட்கார்ந்து தக்காளி விலை பேசிக்கொண்டே இருந்தார்கள். என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் குழாயடியில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடம் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் எப்போது குடம் தேய்த்தார் என்று நினைத்தபோதுதான் கதவு திறந்தது. டிவியில்.

கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, அதே மீசை. என் வீட்டுக்காரர்.

"அண்ணே, ஓசூரு லோடு வந்துச்சி," என்றார்.

துரை எழுந்தான். முக்கியமான பேச்சில் குறுக்கே வந்ததற்குப் பளாரென்று ஒரு அறை விட்டான். என் வீட்டுக்காரர் அப்படியே மல்லாந்து தக்காளிக் குவியலுக்குள் போனார். காதில் ஒரு தக்காளி நசுங்கி ஒட்டியிருக்க, எழுந்து வந்து துண்டை ஒழுங்காகத் தோளில் போட்டு, மறுபடி அதே வசனத்தை அதே மரியாதையோடு சொன்னார். மறுபடி அறை, மறுபடி தக்காளி.

லைனே சிரித்து உருண்டது. ரத்தினம்மாளுக்குப் புரையேறியது. சில்வெஸ்டர் யாரும் கேட்காமலே கேசட்டைப் பின்னால் ஓட்டினார். நாலு தடவை போட்டோம். அம்மா, அரிவாள், கல்யாணம் எல்லாம் எல்லாருக்கும் மறந்தே போனது. பியாட்ரிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, சாவுக்கு அழுததைவிட இதுக்கு ஜாஸ்தி கண்ணீர் வந்துச்சி, முதல் மார்க்கு இதுக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். கோவிந்தப்பா ஓடிப்போய், ஈரக்கையோடு நின்றவரைத் தோள் கொடுத்துத் தூக்கிவந்து டிவி பக்கத்தில் நிறுத்தினார். எல்லாரும் கேட்டதால் அந்த வசனத்தை ஒரு தடவை நேரிலேயே சொன்னார். அப்படியொரு கைதட்டலை எங்கள் லைன் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, எதை அடக்குவதென்று தெரியவில்லை.

மத்தியானம் சோறு போடும்போது, அடி வாங்கியதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அத்த யாருனா சொல்லுவாங்களா? எட்டு தடவ எடுத்தான் அந்த டைரக்டரு. அன்னிக்கு பல்லு வலின்னு லவங்கம் வாங்கினனே, அது பல்லு இல்ல."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், சொல்லாவிட்டால் சோறு இறங்காது என்று தோன்றியது.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நானும் முழுசா நம்பல."

அவர் குழம்பை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தெரியும். நம்பியிருந்தா வீட்டுலயே உக்காந்துருப்ப. என்னிய பொய்யனா வுட மனசு வராமதான பதினெட்டு வூடு ஏறி எறங்கின?"