சனிக்கிழமை மட்டும் உள்ளூர்

ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றி வர ஒன்பது நிமிடம் ஆகும். இதை ஜிப்பக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாவது மாடியில் அவள் குடியிருந்த ஒற்றை அறையின் ஜன்னல் பொழுதுபோக்குப் பூங்காவின் மதில் பக்கம் திறந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ராட்டினம், இந்தப் பக்கம் அவள் கட்டில். அங்கே ரோலர் கோஸ்டர் பள்ளத்தில் பாயும்போதெல்லாம் இங்கே குளியலறை வாளியில் தண்ணீர் நடுங்கும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் சோப்புக் குமிழிகள் மதில் தாண்டி மிதந்து வந்து, ஜன்னல் கம்பியில் பட்டு ஒவ்வொன்றாக உடையும். ஐந்து வருடத்தில் அந்தப் பூங்காவிலிருந்து டிக்கெட் இல்லாமல் அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் கண்ணயர்வது அவள் வழக்கம். அந்த அரை மணியில் எப்போதும் ஒரே கனவு. ராட்டினம் மதிலைத் தாண்டித் தெருவுக்குள் உருண்டு வரும். அவசரமே கிடையாது. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஒரு பெட்டி வந்து நிற்கும், யாராவது இறங்குவார்கள், யாராவது ஏறுவார்கள். அவள் ஜன்னலுக்கு வரும் பெட்டியில் மட்டும் குட்டி உட்கார்ந்திருப்பாள், மடியில் பள்ளிக்கூடப் பையோடு. ஏதோ சொல்வாள். கொண்டியைத் தட்டி ஜன்னலைத் திறப்பதற்குள் பெட்டி மேலே போய்விடும். இன்னும் ஒன்பது நிமிடம் என்று கனவிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பாள், அதற்குள் விழிப்பு வந்துவிடும். முகம் கழுவிக்கொண்டு கடைக்குப் போவாள்.

குட்டி அவள் மகள். எட்டு வயது. வாரத்தில் ஆறு நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அப்பாவோடு இருந்தாள். பிரிந்தபோது பெரிய சண்டை ஒன்றும் இல்லை, பாத்திரம் எதுவும் பறக்கவில்லை. ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், பார்த்துக்கொள்ள அத்தையும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருந்தது அம்மா மட்டும்தான். அதனால் சனிக்கிழமை காலை பஸ்ஸில் அப்பா கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் ஆறு மணிக்கு அதே நிறுத்தத்தில் வந்து கூட்டிக்கொண்டு போவார்.

அவள் கடை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஆறடிக்கு நாலடி. பைகளுக்கு ஜிப் மாற்றுவது வேலை, அதனால்தான் ஜிப்பக்கா. ஜிப் போச்சு என்று பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஜிப் போயிருக்காது. அதை இழுக்கிற ரன்னர் வாய் பிளந்திருக்கும். குறடால் ஓர் அழுத்து அழுத்தினால் பல்லோடு பல் சேர்ந்துகொள்ளும். அதற்குக் கூலி வாங்க அவளுக்கு மனசு வராது. பிழைக்கத் தெரியாதவள் என்று பக்கத்துக் கடைச் சாவிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தச் சாவிக்காரர்தான் சேதியைக் கொண்டுவந்தார். "தங்கச்சி, விஷயம் தெரியுமா? பூங்காவுல வருஷப் பாஸ் போடறாங்க. கால் விலை. உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும்."

"உள்ளூர்னா?"

"பதினாலு தெரு பேரு நோட்டீஸ்ல போட்டிருக்கு. உன் தெருவும் இருக்கு, என் தெருவும் இருக்கு. இத்தனை வருஷமா நம்ம காதைக் குடைஞ்சதுக்குப் பரிகாரம்."

அவள் கையில் இருந்த ரன்னர் நழுவி மேசைக்கு அடியில் போனது. தேடவில்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று சனிக்கிழமையாகக் குட்டிக்கு அறை சலித்துப்போயிருந்தது. கட்டிலில் குப்புறப் படுத்து, ஜன்னல் வழியே பார்த்தபடி, "இங்க என்னம்மா பண்றது?" என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. அந்த அறையில் ஜிப்பக்காவுக்கே என்ன செய்வதென்று தெரியாதுதான். போன வாரம் அப்பாவும் போனில் பேசினார். "அடுத்த வருஷம் பாடம் ஜாஸ்தி. அவளுக்கும் அங்க போரடிக்குதாம். மாசத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கலாமா?" குரலை உயர்த்தவே இல்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். நிதானமாகக் கேட்கிற மனுஷனிடம் என்ன செய்ய? "பார்க்கலாம்" என்று மென்று விழுங்கினாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் முழு டிக்கெட் எடுக்க அவளால் முடியாது. பாஸ் கிடைத்தால் குட்டி வாராவாரம் வருவாள். ராட்டினத்தைக் காட்டிப் பெற்ற பெண்ணை இழுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே படிவத்தையும் நிரப்பினாள், போனில் குட்டியிடமும் சொல்லிவைத்தாள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அடையாள அட்டை வேண்டாம், அதே வீட்டில் வசித்தால் போதும், பிள்ளையை நேரில் கூட்டிவர வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

சனிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்திலிருந்து நேரே பூங்காவுக்கு நடந்தார்கள். வழியில் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அங்க ஒரு அக்கா கேட்பாங்க, எந்த ஊருன்னு. இந்த ஊருன்னு சொல்லணும், என்ன?"

"பொய்யா?"

"பொய் இல்லடா கண்ணு."

"அப்ப எதுக்குச் சொல்லிக் குடுக்கற?"

அவளுக்குச் சுருக்கென்றது. பெண்ணின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பாஸ் அலுவலகம் மதிலை ஒட்டிய நீளமான அறை. வரிசை வெளியே வரை நின்றது. தண்ணீர்ச் சறுக்கில் இருந்து கிளம்பிய சாரல் வெயிலில் கரைந்து அவர்கள் மேலே பட்டும் படாமலும் இறங்கியது. எங்கோ குதிரை ராட்டினத்தின் பாட்டு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. குமிழிகள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன, குட்டி வாயைத் திறந்தபடி அவற்றையே பார்த்தாள். அந்தச் சாரலில் நிற்கிறவர்கள் எல்லோருமே பாதி உருகியவர்கள்போலத் தெரிந்தார்கள். ஜிப்பக்காவுக்குத் தான் இன்னும் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம் வந்து போனது.

கனவாக இருந்திருந்தால் சண்டை வந்திருக்காது. பக்கத்து டிக்கெட் வரிசையில் மூன்று பிள்ளைகளோடு நின்ற ஒருவர் பொருமினார். "ஒரே சறுக்கு, ஒரே தண்ணி. நாலு மணி நேரம் பிரயாணம் பண்ணி வந்திருக்கோம். இவங்களுக்குக் கால் விலை, எங்களுக்கு முழு விலை. இது என்ன நியாயம்?"

முன்னால் நின்ற சாவிக்காரர் சும்மா இருப்பாரா? "எங்க வீட்டுல வந்து ஒரு ஞாயித்துக்கிழமை தூங்கிப் பாருங்க சார், நியாயம் புரியும்."

"நாங்க முழுசா குடுக்கறதாலதானே உங்களுக்குக் கால்?"

"அதுக்கு ரொம்ப நன்றி சார்."

வரிசை சிரித்தது. கேட்டவரின் கடைசிப் பிள்ளை மட்டும் எதற்கென்று தெரியாமல் அப்பாவின் முகத்தையும் சிரித்தவர்களின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தது. இரண்டு பேருடைய பேச்சும் சரியாகவே பட்டது ஜிப்பக்காவுக்கு. அதுதான் தொல்லை.

சாவிக்காரரின் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண். சளியில் மூக்கு சிவந்திருந்தது. "எந்த ஊருண்ணே?" என்று கேட்டாள். நம் ஆட்களிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தான் பிறந்த ஊர்ப் பேரைச் சொல்லித் தொலைத்தார். எத்தனை வருடம் எங்கே குடியிருந்தாலும் ஊர் என்றால் அதுதான்.

"அப்ப நீங்க வெளியூரா?"

"ஐயோ, அது சொந்த ஊரு தாயி. இருபத்தாறு வருஷமா இங்கதான் கிடக்கேன்." அட்டையை எடுத்து நீட்டினார். முத்திரை விழுந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

அடுத்து அவள். எந்த ஊர் என்ற கேள்வி பெண்பிள்ளைக்கு இன்னும் சிக்கல். பிறந்த ஊர் ஒன்று, கட்டிக்கொண்டு போன ஊர் ஒன்று. இரண்டையும் விட்டுவிட்டு வந்து நிற்கிற ஊருக்கு இன்னும் யாரும் பேர் வைக்கவில்லை. நல்லவேளை, அவளிடம் கேட்கவில்லை. அட்டையில் தெருப் பெயரைப் பார்த்ததும் சரி போட்டுவிட்டாள் அந்தப் பெண். பிறகு மேசைமேல் குனிந்து சிரித்தாள்.

"பாப்பாவுக்கு எந்த ஊரு?"

ஜிப்பக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குட்டி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"என்னைக்கு?"

"என்ன என்னைக்கு?"

"சனிக்கிழமைன்னா இந்த ஊரு. மத்த நாள்ல அப்பா ஊரு."

யாரும் சிரிக்கவில்லை. சளிப் பெண் பேனாவை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். படிவத்தில் ஊர் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினாள். "சனிக்கிழமை மட்டும் உள்ளூர்னு எழுத இடம் இல்லையேம்மா. நான் என்ன பண்ணட்டும்?" நிஜமாகவே அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"எத்தனை நாள் இருந்தா இந்த ஊரு?" என்று கேட்டாள் குட்டி.

"பாதி வாரத்துக்கு மேல இருக்கணும் கண்ணு."

குட்டி விரல்களை மடக்கி எண்ணினாள். நான்காவது விரலில் நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்கு மட்டும் பாஸ் போடட்டுமா?" என்று சளிப் பெண் கேட்டதற்கு ஜிப்பக்கா தலையை ஆட்டி மறுத்தாள். தனியாகப் போய் ராட்டினத்தில் உட்கார்ந்து அவள் என்ன செய்யப்போகிறாள்?

மதிலோரம் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் பெண்ணின் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமாகவும் இருந்தது. இனி மாதத்துக்கு ஒரு தடவைதான். உள்ளேயிருந்து கூச்சல் எழுந்து, காற்றில் தேய்ந்து, மறுபடி எழுந்தது. சாரல் அங்கேயும் வந்தது.

"தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லடா. சரியாத்தான் சொன்ன."

குட்டி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலை ஆட்டினாள். "உனக்கு எந்த ஊரும்மா?"

அவள் பதில் தேடவில்லை. வாயில் தானாக வந்தது. "நீ வர்ற நாள்ல இந்த ஊரு. மத்த நாள்ல நானும் வெளியூர்தான்."

சொன்ன பிறகுதான் அது பிள்ளையிடம் சொல்கிற பேச்சில்லை என்று பட்டது. குட்டி காலாட்டுவதை நிறுத்திவிட்டாள். பிறகு அறைக்குப் போனார்கள், சாதம் வடித்துச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு அவள் கண்ணயரவில்லை, குட்டிதான் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். ஜன்னலில் ராட்டினம் தன்பாட்டுக்குச் சுற்றியது. எத்தனை சுற்று என்று அவள் எண்ணவில்லை.

ஆறு மணிக்கு அப்பா நிறுத்தத்தில் நின்றார். பள்ளிக்கூடப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "பாஸ் வாங்கப் போறோம்னு காலையில ஒரே குதி. கிடைச்சுதா?"

"இல்லப்பா" என்றாள் குட்டி. "நான் அடுத்த வாரம் புதன்கிழமையே வர்றேன்."

"பாஸ்தான் இல்லையே. அப்புறம் எதுக்கு?"

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. குட்டி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சேதியைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் இல்லாத நாள்ல அம்மா வெளியூரா இருக்காங்கப்பா."